பூட்டிய கேட்டும் சுவரில் மாட்டிய சான்றிதழும்

கேட்டவர் ஒரு தாய். மகள் படிப்பது மூன்று மாடி மெட்ரிக் பள்ளி. இரண்டு படிக்கட்டு இருக்கிறது. பின்பக்கப் படிக்கட்டின் அடியில் இரும்பு கேட் போட்டு எந்நேரமும் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "பிள்ளைகள் வெளியே ஓடிவிடக் கூடாது, வெளியாள் உள்ளே வந்துவிடக் கூடாது" என்று பதில். அதோடு அலுவலக அறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் நான்கு சான்றிதழ்களையும் காட்டியிருக்கிறார்கள். "எல்லாச் சான்றும் வாங்கியிருக்கிறார்களே, இதற்கு மேல் நான் கேட்பது அதிகப்பிரசங்கித்தனமா?" என்பது அவர் கேள்வி.

இல்லை. அந்த நான்கு தாளையும் விட அந்தப் பூட்டுதான் முக்கியம். பள்ளிக் கட்டடங்களைப் பார்த்து உறுதிச் சான்று கொடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த நான்கும் என்னென்ன என்று பார்ப்போம். ஒன்று, கட்டட உறுதிச் சான்று. பொறியாளர் வந்து தூண், உத்திரம், தளம், சுவர் பார்த்துக் கொடுப்பது. இரண்டு, கட்டட உரிமம். தாசில்தார் அலுவலகத்தில் வாங்குவது. பள்ளிக்காரர்கள் 'டி படிவம்' என்பார்கள். மூன்று, தீயணைப்பு மீட்புப் பணித் துறையின் சான்று. நான்கு, சுகாதாரத் துறையின் சான்று. குடிநீர், கழிப்பறை, வெளிச்சம், காற்றோட்டம் இதில் வரும். தனியார் பள்ளியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும்போது இந்த நான்கும் கோப்பில் இருக்க வேண்டும். கட்டட வரைபட அனுமதி தனி. அது ஊரமைப்பு இயக்ககம், உள்ளாட்சி அமைப்பு என்று வேறு வழியில் போகும்.

இந்த ஏற்பாட்டின் பின்னால் ஒரு துக்கக் கதை இருக்கிறது. 1964 ஏப்ரலில் மதுரையில் ஒரு பள்ளிக் கட்டடம் இடிந்து 30-க்கும் மேற்பட்ட மாணவிகள் இறந்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு, 1965-இல் வந்ததுதான் பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம். தாசில்தார் தரும் உரிமம் அந்தச் சட்டத்தின்படி வருவது. அறுபது வருடமாகியும் அடிப்படை அதேதான்: பொறியாளர் சான்று கொடுப்பார், அதை வைத்து வருவாய்த் துறை உரிமம் கொடுக்கும்.

நான்கு சான்றுக்கும் நான்கு அலுவலகம். கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. பொறியாளர் தூணைப் பார்ப்பார். தூணுக்குப் பக்கத்தில் இருக்கும் பூட்டு அவர் வேலை இல்லை. தீயணைப்பு அலுவலர் தீயணைப்பானையும் மணல் வாளியையும் வெளியேறும் வழியையும் பார்ப்பார். அவர் வரும் நாளில் கேட் திறந்திருக்கும். சுகாதார ஆய்வாளர் கழிப்பறையைப் பார்ப்பார். அதன் பின்னால் இருக்கும் கழிவுநீர்த் தொட்டியின் மூடி இற்றுப்போயிருப்பது அவர் படிவத்தில் இல்லாமலும் இருக்கலாம். தாசில்தார் மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததைப் பார்ப்பார். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, எண்ணூறு பிள்ளைகள் உள்ளே இருக்கும்போது, கட்டடம் எப்படி இருக்கிறது என்று மொத்தமாகப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை.

நான் ஆய்வுக்குப் போகும் நாட்களில் படியெல்லாம் கழுவிவிட்டிருப்பார்கள், சுவரில் புதுச் சுண்ணாம்பு வாசனை இருக்கும். ஒருமுறை ஒரு பள்ளிக்குத் தேதி சொல்லாமல் போனேன். வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவன், பழைய அறிக்கையில் விட்டுப்போன ஓர் அளவை எடுக்க உள்ளே நுழைந்தேன். பின்படிக்கட்டு பூட்டியிருந்தது. திறக்கச் சொன்னேன். சாவி ப்யூனிடம். ப்யூன் செலான் கட்ட வங்கிக்குப் போயிருந்தார். இன்னொரு சாவி தாளாளர் அறை மேசை இழுப்பறையில், இழுப்பறைச் சாவி கணக்கரிடம், கணக்கர் சாப்பாட்டில். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கேட் திறக்க 11 நிமிடம் ஆயிற்று. திறந்த பிறகும் வழி இல்லை. படிக்கட்டின் அடியில் உடைந்த பெஞ்சுகள், பழைய விடைத்தாள் கட்டுகள், ஆண்டு விழாவுக்குக் கட்டிய மூங்கில் வளைவு, அதில் சுற்றிய ஜிகினாத் துணி. பற்றி எரிவதற்கு வேண்டியதெல்லாம் தப்பிக்கும் வழியிலேயே அடுக்கி வைத்திருந்தது. அந்தப் பள்ளியின் சுவரிலும் நான்கு சான்றும் இருந்தன. அதில் ஒன்றில் என் கையெழுத்து. நான் சான்று கொடுத்தது தூணுக்கு, அது பொய்யில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வந்து சாப்பாடு இறங்கவில்லை.

2004 ஜூலை 16-ஐ நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கும்பகோணம். கீழே சமையல்கூடத்தில் பிடித்த தீ மாடியில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த கீற்றுக்கொட்டகைக்குத் தாவியது. 94 குழந்தைகள். கூரை கீற்று, வழி குறுகல், ஒரே வளாகத்தில் இடம் தாங்காத அளவுக்குப் பிள்ளைகள். அந்தப் பள்ளியும் அதற்கு முன் அதிகாரிகள் கண்ணில் படாமல் இருந்துவிடவில்லை. நீதிபதி சம்பத் ஆணையம் அமைந்தது. 2014 ஜூலையில் தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதை விட்டுவிடுகிறேன். உங்களுக்குப் பயன்படுவது அந்தத் தீயைத் தொடர்ந்து டெல்லிக்குப் போன வழக்கு.

2009 ஏப்ரல் 13 அன்று அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது. கல்வி உரிமை என்பதற்குள் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும் என்று நீதிமன்றம் சொன்னது. அங்கீகாரமோ இணைப்போ கொடுப்பதற்கு முன் கட்டடம் தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி பாதுகாப்பாக இருக்கிறதா என்று அரசு உறுதி செய்ய வேண்டும். பள்ளிகளில் தீயணைப்புக் கருவிகள் வைக்க வேண்டும். எளிதில் தீப்பற்றும் பொருள், நச்சுப் பொருள் கூடாது, தவிர்க்க முடியாவிட்டால் பத்திரமாக வைக்க வேண்டும். ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி தர வேண்டும். நேரில் ஆய்வு செய்த பிறகுதான் சான்று, கடமை தவறினால் துறை நடவடிக்கை. தாளாளரிடம் பேசும்போது இந்தத் தீர்ப்பின் பெயரைச் சொல்லுங்கள். 'ஏதோ ஒரு அம்மா கத்துகிறார்' என்று நினைத்தவர் நாற்காலியைக் காட்டுவார்.

அந்த விதித்தொகுப்பில் பெற்றோர் ஒருவர் டேப் வைத்தே சரிபார்க்கக்கூடியவை சில உண்டு. கல்விக் கட்டடத்தில் படிக்கட்டின் அகலம் 1.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. வெளியேறும் வாசல் 1 மீட்டருக்குக் குறையக் கூடாது, உயரம் 2 மீட்டராவது வேண்டும், கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். வெளியே திறந்தாலும் நடைவழியை மறிக்கக் கூடாது. படியில் கால் வைக்கும் மிதி 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஒரு படியின் ஏற்றம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இந்த 150-ஐப் பலரும் பொருட்படுத்துவதில்லை. வீட்டுப் படி போலச் செங்குத்தாகக் கட்டிவிட்டு "இடம் பத்தவில்லை சார்" என்பார்கள். ஆறு வயசுப் பிள்ளை முதுகில் மூட்டையோடு, பின்னால் நாற்பது பேர் தள்ள இறங்கும்போது அந்த இரண்டு அங்குல வித்தியாசத்தில்தான் தலைகுப்புற விழும். ஒன்று விழுந்தால் மேலே வருவது எல்லாம் அதன் மேல் விழும். தீயே வேண்டாம், புகை வந்ததாக யாராவது கத்தினாலே போதும்.

கதவு வெளியே திறக்க வேண்டும் என்பதற்கும் இதே காரணம். உள்ளே திறக்கும் கதவை முதலில் வந்தவன் தன் பக்கம் இழுக்க வேண்டும். பின்னால் கூட்டம் நெருக்கினால் இழுக்க இடமிருக்காது. கூட்டமே கதவுக்கு முட்டுக் கொடுத்துவிடும்.

அகலமும் காகிதத்தில் 1.5 மீட்டர் இருந்தால் போதாது. மாடித் திருப்பத்தில் குடிநீர் கேன் ஸ்டாண்ட், வகுப்பு வாசலில் செருப்பு ஸ்டாண்ட், படிக்கட்டுச் சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் கோப்பை அலமாரி. இவை ஒவ்வொன்றும் அரை அடி தின்னும். அளப்பதானால் பொருள்களுக்கு நடுவே மிச்சமிருக்கும் இடைவெளியை அளந்து பாருங்கள்.

இனி உங்கள் கேட்டுக்கு வருகிறேன். பள்ளி சொல்லும் காரணம் பொய்யல்ல. பின்வாசல் வழியாகப் பிள்ளை வெளியே போய்விட்டால் பள்ளியைத்தான் பிடிப்பார்கள். ஆனால் வெளியாள் வராமல் தடுப்பதும் உள்ளே இருப்பவர் போக முடியாமல் தடுப்பதும் வேறு வேறு வேலை. வெளியிலிருந்து திறக்க முடியாத, உள்ளிருந்து கையால் தள்ளினாலே திறந்துகொள்ளும் தாழ் இருக்கிறது. திரையரங்கின் பின்கதவில் குறுக்கே ஒரு கம்பி இருக்குமே, அதே. திறந்தால் மணி அடிக்கும்படி அதில் சின்னக் கருவி ஒன்றும் பொருத்தலாம். அதற்குப் பணமில்லை என்றால், பள்ளி நேரத்தில் பூட்டை எடுத்துவிட்டு, குட்டிப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் உள்பக்கம் வெறும் கொக்கித் தாழ், பக்கத்தில் ஓர் ஆயா. இதுவும் செலவு என்றால், அந்தப் படிக்கட்டைக் கணக்கில் சேர்க்காமல் ஒரே படிக்கட்டுக்கு எத்தனை பிள்ளைகளை வைக்கலாமோ அத்தனை பேரை மட்டும் மாடியில் வைக்கட்டும். பூட்டிய படிக்கட்டைக் காட்டி அனுமதி வாங்கிவிட்டுப் பூட்டியே வைத்திருப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். "கண்ணாடிப் பெட்டிக்குள் சாவி வைத்திருக்கிறோம்" என்பார்கள் சிலர். புகையில் ஒரு டீச்சர் கண்ணாடியை உடைத்து, சாவி எடுத்து, துவாரம் தேடிப் போடுவார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

வராந்தா கிரில்லையும் பாருங்கள். பிள்ளைகள் விழாமல் இருக்கத் தரையிலிருந்து கூரை வரை கம்பி அடித்துவிடுகிறோம், நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு மாடியிலும் திறக்கக்கூடிய ஒரு பகுதியாவது இல்லையென்றால், ஏணி வைத்து ஏறி வரும் தீயணைப்பு வீரர் கம்பிக்கு அந்தப் பக்கம், பிள்ளை இந்தப் பக்கம்.

தீயணைப்பான் பற்றி ஒரே ஒரு விஷயம். முள் பச்சையில் இருக்கிறதா, நிரப்பிய தேதி அட்டையில் இருக்கிறதா என்று எல்லாரும் பார்ப்பார்கள். யாராவது ஒரு ஆசிரியரைக் கூப்பிட்டு, "இந்தப் பின்னை எப்படி எடுப்பது?" என்று கேளுங்கள். பாதிப் பேர் அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை, யாரும் காட்டிக் கொடுத்ததில்லை.

விடுதியோ கேன்டீனோ சத்துணவுக் கூடமோ இருந்தால் சிலிண்டர் எங்கே என்று பாருங்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் சிலிண்டர், சமையலறைக்கு வெளியே, தரைமட்டத்துக்குக் கீழே இல்லாத இடத்தில், காற்றாட இருக்க வேண்டும். சமையல் வாயு கசிவதை நாம் கண்டுபிடிக்க உதவும் அந்தக் கெட்ட வாடையும் ஒரு பள்ளியிலிருந்து வந்ததுதான். 1937 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸில், நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளியில் வாசனையில்லாத எரிவாயு தரைக்கடியில் கசிந்து வெடித்து, ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் எரிவாயுவில் வாடை கலப்பதைச் சட்டமாக்கினார்கள்.

கேட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். சமீபத்தில் நம் மாநிலத்தில் பிள்ளைகள் இறந்த இடங்கள் வகுப்பறைக்கு வெளியேதான். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் இடைவேளைக்குப் போன மூன்று மாணவர்கள் கழிப்பறைச் சுவர் விழுந்து இறந்தார்கள். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஓர் எல்.கே.ஜி. குழந்தை கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தது. மூடியிருந்த இரும்புத் தகடு துருப்பிடித்துப் போயிருந்தது. உறுதிச் சான்றுக்குப் போகும் பொறியாளர் கண்ணெல்லாம் பெரிய கட்டடத்தின் மேல் இருக்கும். தனியாக நிற்கும் கழிப்பறைத் தடுப்பு, சுற்றுச்சுவர், சைக்கிள் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி மேடை இவற்றைப் 'போகிற போக்கில்' பார்ப்பதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

மேலே தளம் இல்லாமல் ஒற்றைச் செங்கல் கனத்தில் தனியாக நிற்கும் சுவருக்குப் பக்கவாட்டில் பிடிமானமே கிடையாது. கட்டும்போது நடுநடுவே தூண் கொடுக்காமல், ஆழமில்லாத கடைக்காலில் நிறுத்தியிருப்பார்கள். அடியில் கழிவுநீர் ஊறி மண் இளகும். ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னும் இளகும். பிறகு அது விழ ஒரு பையன் சாய்ந்தாலே போதும். சுவர் ஓரத்தில் நின்று மேலும் கீழும் பாருங்கள்: நேராக இருக்க வேண்டிய கோடு வயிறு தள்ளியிருந்தாலோ, அடி வரிச் செங்கல் உப்புப் பூத்துப் பொடிந்திருந்தாலோ பிள்ளைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது. சான்று வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கயிறு கட்டினால் போதும், அன்றே செய்யலாம்.

தொட்டி மூடி இரும்புத் தகடாக இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். கழிவுத் தொட்டியின் வாயு அடியிலிருந்து இரும்பை அரிக்கும். மேலே பெயின்ட் பளபளக்கும். கான்கிரீட் மூடி, குழந்தை நகர்த்த முடியாத கனத்தில், சுற்றி வேலி. இதற்குப் பெரிய பட்ஜெட் எதுவும் வேண்டியதில்லை.

கான்கிரீட் கூரைக்கும் இதே துருதான் எமன். உள்ளே இருக்கும் கம்பி வரை ஈரம் போனால் அது துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும். அந்த அழுத்தத்தில் அடிப்பக்கக் கான்கிரீட் பிளந்து தாள் தாளாகப் பெயர்ந்து விழும். 'கூரைப் பூச்சு பெயர்ந்து மாணவர் காயம்' என்று பத்திரிகையில் வருவதில் பெரும்பாலும் பூச்சு மட்டும் விழுவதில்லை, கம்பியைப் போர்த்தியிருக்கும் கான்கிரீட்டும் சேர்ந்தே விழுகிறது. விழுவதற்கு முன் அது சொல்லிவிட்டுத்தான் விழும். கம்பி ஓடும் கோட்டிலேயே நேர் கோடாக ஒரு விரிசல், அதில் பழுப்புக் கறை. நீளக் கம்பால் கூரையைத் தட்டினால் நல்ல இடம் 'கிண்' என்னும், விட்டுப்போன இடம் 'பொத்' என்னும். பூசணிக்காய் தட்டிப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் அந்த வித்தியாசம் பிடிபடும். புதுப் பெயின்ட் அடித்த கூரை என்றால் இன்னும் கவனமாகத் தட்டுங்கள். மொட்டைமாடிக்கும் ஒருமுறை ஏறிப் பாருங்கள்: தண்ணீர் தேங்கிய பாசி, அடைத்த வடிகுழாய், கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்று. அந்தக் கன்றை மேலாகக் கிள்ளிவிட்டால் வேர் உள்ளேயே பருக்கும்.

பழைய பள்ளிகளில் மெட்ராஸ் டெரஸ் கூரை இன்னும் இருக்கிறது. மர உத்திரத்தின் மேல் செங்கல்லைக் குத்தவைத்துச் சுண்ணாம்பில் பதித்த கூரை. கட்டியவர்கள் கைதேர்ந்தவர்கள், நூறு வருடம் நிற்கும். அதில் பார்க்க வேண்டியது நடுவை அல்ல, உத்திரம் சுவருக்குள் நுழையும் முனையை. ஈரமும் கறையானும் அங்கேதான். நடுவில் தேக்கு பளபளவென்று இருக்க, முனை மாவாகிப் போயிருப்பதை ஆணியால் குத்திப் பார்த்துக் கண்டிருக்கிறேன்.

கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையை எடுக்கச் சொன்னார்கள், எடுத்தார்கள். அதன் இடத்தில் பல பள்ளிகளில் வந்தது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். தீப்பிடிக்காது, உண்மை. ஆனால் சித்திரை வெயிலில் அதன் அடியில் உட்கார முடியாது. உடைந்தாலோ துளை போட்டாலோ பறக்கும் நார் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது, பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். பல நாடுகள் தடை செய்த இந்தப் பொருள் நம் நாட்டில் இன்னும் விற்பனையில் இருக்கிறது. உங்கள் பள்ளியில் இருந்தால், முழுதாக இருக்கும் ஷீட்டைக் கண்டு பதற வேண்டாம். உடைந்ததை மட்டும் நனைத்து, முழுதாகக் கழற்றி, பிள்ளைகள் இல்லாத நாளில் எடுக்கச் சொல்லுங்கள். மின்விசிறி மாட்ட அதில் துளை போடுவதும், கீழே விழுந்த துண்டைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளுவதும்தான் உண்மையான ஆபத்து.

மின்சாரத்தில் ஒன்று கேட்டால் போதும்: 30 மில்லி ஆம்பியரில் விழும் கசிவுத் துண்டிப்பான், அதாவது மின்சாரம் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் கருவி, இருக்கிறதா? பலகையில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் மின்சாரம் நிற்க வேண்டும். குடிநீர்க் குளிரூட்டியும் மோட்டார் சுவிட்சும் ஈரமான இடத்தில், பிள்ளைகள் வெறுங்காலில் போகும் இடத்தில் இருப்பதால் கேட்கிறேன்.

கழிப்பறைக்கும் பூட்டுக்கதை உண்டு. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை ஆண், பெண் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், மாற்றுத்திறனாளிகள் தடையின்றி வந்துபோகும் வழி, எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் கட்டடம் என்று சொல்கிறது. 40 பிள்ளைகளுக்கு ஒரு தொகுதி என்பது பிறகு வந்த வழிகாட்டல். எண்ணிக்கையில் சரியாக இருக்கும். போய்ப் பார்த்தால் நான்கில் இரண்டு பூட்டியிருக்கும். ஒன்று 'ஸ்டாஃப்', ஒன்று தண்ணீர் வரவில்லை. பெண் பிள்ளைகள் இதற்காகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து ஓடுவார்கள். மகளிடம் கேளுங்கள், அவள் தண்ணீர் பாட்டில் எவ்வளவு காலியாகி வருகிறது என்று பாருங்கள். எந்த ஆய்வாளர் அறிக்கையையும்விட அது நம்பகமானது. தண்ணீர்த் தொட்டியைக் கழுவிய தேதி தொட்டி மேலேயே எழுதியிருக்க வேண்டும். குழாயில் பிடித்த தண்ணீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். அதைப் பார்க்கச் சொட்டு மருந்து போல ஒரு சின்னக் கருவி போதும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆழ்துளைக் கிணறு என்றால் ஃபுளோரைடையும் சோதிக்கச் சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் தனியார் பள்ளியை மனதில் வைத்து. அரசுப் பள்ளிக்கு அங்கீகாரப் புதுப்பிப்பு என்ற சடங்கே இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு அரசு நடத்தும் பள்ளிகளை அதிலிருந்து விலக்குகிறது. எனவே அந்த நான்கு தாளும் சுழற்சியாக வருவதில்லை. பொதுப்பணித் துறை, ஊராட்சி ஒன்றியப் பொறியாளர்களின் அக்கறையை நம்பி இருக்க வேண்டும். திருநெல்வேலிச் சம்பவத்துக்குப் பிறகு மாவட்டந்தோறும் பழுதடைந்த கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். அது நடந்தது, நானும் பார்த்தேன். இடித்த இடத்தில் புதுக் கட்டடம் எழும்பும்வரை மரத்தடி. 2025 ஜூலையில் ராஜஸ்தானின் ஜாலாவாரில் அரசுப் பள்ளி இடிந்து 7 குழந்தைகள் இறந்த பிறகு, எல்லா மாநிலப் பள்ளிகளையும் ஆய்வு செய்யுங்கள் என்று ஒன்றிய அரசு சொன்னது. என் பார்வையில் தனியார், அரசு, அரசு உதவி பெறுபவை என்ற மூன்று வகையிலும் மிக மோசமான நிலையில் இருப்பவை அரசு உதவி பெறும் பழைய பள்ளிகள். கட்டடம் நிர்வாகத்துடையது, சம்பளம் அரசுடையது, பராமரிப்பு யாருடையதும் இல்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? முதலில் வாயால் கேட்பதை நிறுத்தி, தாளாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். குற்றச்சாட்டாக வேண்டாம். "பின்படிக்கட்டு கேட் இன்ன தேதி இன்ன நேரம் பூட்டியிருந்தது, பள்ளி நேரத்தில் அதை உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும்படி மாற்றித் தரவும், அந்தப் படிக்கட்டு வழியாக ஒரு வெளியேற்றப் பயிற்சி நடத்தவும்" என்று இரண்டே கோரிக்கை. நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு ஏதாவது நடந்தால் 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது. அது அவர்களுக்கும் தெரியும்.

மகளை வகுப்பில் ஓரங்கட்டிவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது. அதனால்தான் தனியாகப் போகாதீர்கள் என்கிறேன். வேன் ஏற்றிவிட வரும் நான்கைந்து பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஐந்து பெயர் இருந்தால் யார் பிள்ளையையும் குறிவைக்க முடியாது.

இரண்டு வாரம் பார்த்துவிட்டு அசைவில்லை என்றால், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும், பகுதித் தீயணைப்பு நிலைய அலுவலருக்கும் அதே கடிதத்தை அனுப்புங்கள். நிலைய அலுவலர்கள் பொதுவாக நல்லவர்கள். பயிற்சி நடத்தித் தரக் கேட்டால் வண்டியோடு வருவார்கள், பிள்ளைகளுக்கும் திருவிழா. கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் பதியலாம். ஆய்வு அறிக்கையின் நகல் வேண்டும் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் தீயணைப்புத் துறையிடம் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். சான்றிதழை மட்டும் கேட்காதீர்கள், 'ஆய்வு செய்த தேதி, ஆய்வின்போது பின்படிக்கட்டின் நிலை' என்று கேளுங்கள். சான்றில் இல்லாதது அறிக்கையில் இருக்கும்.

பயிற்சி நடத்தினால் நீங்களும் போய் நில்லுங்கள். முன்னறிவிப்போடு, எல்லாரும் வரிசையில் சிரித்துக்கொண்டே முன்படிக்கட்டில் இறங்கினால் அது அணிவகுப்பு. ஒரு படிக்கட்டை 'புகை' என்று சொல்லி அடைத்துவிட்டு, எல்லா வகுப்பும் மற்றதில் இறங்கி, மைதானத்தில் வருகைப் பதிவேட்டை வைத்துத் தலை எண்ண வேண்டும். முதல் தடவை எண்ணிக்கை சரியாக வராது. யாராவது ஒரு பிள்ளை கழிப்பறையில் இருக்கும்.

அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது அந்தப் பூட்டைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சாவித் துவாரத்தைச் சுற்றித் தேய்ந்து பளபளப்பாக இருந்தால் யாரோ தினமும் திறந்து மூடுகிறார்கள், பேசி வழிக்குக் கொண்டுவரலாம். துருவேறி, சிலந்தி கூடு கட்டியிருந்தால் அந்தப் படிக்கட்டில் இதுவரை ஒரு பிள்ளையும் இறங்கியதில்லை. அந்தப் பூட்டைப் படம் எடுத்துக் கடிதத்தோடு இணையுங்கள்.